அக்கி இல்லை என்று தெரிந்தே எழுதினேன், சரோஜா

என் சரோஜாவுக்கு, மண்ணூரிலிருந்து உன் வீட்டுக்காரன் ஏகாம்பரம் சொல்வது.

நீ போய் இந்த ஆவணியோடு இரண்டு வருஷம். போன வருஷம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் உன் போட்டோ போட்டு பேனர் வைத்தோம். டிப்பர் லாரிப் புழுதியில் மூன்றே நாளில் உன் முகம் மூடிப்போனது. இந்த வருஷம் பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் இந்தக் கடிதம். உனக்குத்தான் சொல்கிறேன், ஆனால் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். என்னிடம் அக்கி எழுதிக்கொண்டு போனவர்களும், இனிமேல் வரலாம் என்று இருப்பவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

எனக்கு அட்சரம் தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம் மாப்பிள்ளை குமரேசன். என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கி எழுதுகிறார். நேராக்கிக்கொள்ளுங்கள், ஆனால் எதையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைப் பற்றி வந்தாலும் விடக்கூடாது, என்னைப் பற்றி வந்தாலும் விடக்கூடாது என்று சொன்னதற்கு, "சரி மாமா, சொல்லுங்க" என்றார். நாலு வரி எழுதினால் பேனாவை வைத்துவிட்டு வலது கையை உதறிக்கொள்கிறார். ஏன் உதறுகிறார் என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மார்கழியில் தொடங்கியது அது. ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார் அல்லவா? வலது முழங்கைக்குக் கீழே ஒரு படை. உள்ளங்கை அகலம். ஓரம் செம்பு மாதிரி சிவந்து, நடுவில் வெளுத்திருந்தது. அந்தக் கம்பெனியில் இரும்பு கடையும்போது சூடு ஏறாமல் இருக்க ஒரு எண்ணெய்த் தண்ணீர் பாய்ச்சுவார்கள், கூலண்ட் என்று பெயர். அது கையில் பட்டுப் பட்டுப் பாதிப் பேருக்குச் சொறி. அதனால் கையில் எது வந்தாலும் அங்கே ஒரே பெயர்தான்.

"இன்னாயா இது, இன்னும் அப்டியே கீது?" என்று நம் பெண் தேவகி அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கூலண்ட்டு. லைன்ல பாதிப் பேருக்கு கீது. நீ வுடு."

"அவங்களுக்கெல்லாம் அரிக்குதுன்னு சொல்றாங்க. நீ ஒரு நாளாச்சும் சொறிஞ்சி நான் பாக்கலியே."

"அரிக்கலன்னா நல்லதுதானே? அதுக்கும் ஒரு சண்டையா?"

நான் பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டேன், சரோஜா. ஏன் எடுத்தேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தை போனது, மாசி போனது. தண்டலத்தில் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு டியூப் மூன்று தீர்ந்தது. படை அப்படியே இருந்தது. பங்குனியில் முதுகில் இன்னொன்று. முதுகில் கூலண்ட் எப்படிப் படும் என்று தேவகி கேட்டாள். பனியன் நனைகிறதல்லவா என்றார் அவர். நம் பெண் அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. சாப்பாடு போடும்போது ஒரு தடவை, அவர் வண்டியை எடுக்கும்போது ஒரு தடவை. கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போய் வந்த அன்றுகூட, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"முருகன் கிட்ட நின்னு இன்னா வேண்டிக்கினே?"

"நீ சீக்கிரம் ஊமையாவணும்னு."

"ஆவறேன். ஒரே ஒரு தபா டாக்டராண்ட காட்டிட்டு வா, அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

"இந்த வருஷம் பர்மனென்ட் லிஸ்ட்டு போடப்போறாங்கடி. ஏழு வருஷமா கான்ட்ராக்ட்ல கீறேன். இப்பப் போயி தோலு டாக்டருன்னு சீட்டு கையில வச்சிக்கினு நின்னா, சூப்பர்வைசர் இன்னா நெனப்பான்? இவன் ஒடம்பு சரியில்லாதவன்னு பேரை அடிச்சிட்டு வேற ஆளைப் போடுவான்."

"அவனுக்கு யாரு சொல்லப்போறா?"

"நம்ம ஊர்க்காரன் எட்டுப் பேரு அங்க கீறான். யாரும் சொல்ல வாணாம்."

அதுதான் அவர் பயம். அதற்கு அடியில் இன்னொரு பயமும் இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் இல்லாதவரை அது வெறும் படை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு ஈரத் துண்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "மாமா, நீங்க எழுதிவுடுங்க. அதுல கொறையலன்னா நான் டாக்டராண்ட போறேன். அவளும் ஒத்துக்கினா."

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மண்பானை செய்த குடும்பம் என்பதால் எங்கள் வீட்டு ஆண்கள் கையால் அக்கி எழுதினால் ஆறும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உடம்பில் ஒரு பக்கமாக முத்து முத்தாகக் கொப்புளம் கிளம்பி நெருப்பாக எரிகிறதே, அதுதான் அக்கி. காவிக் கல்லைத் தண்ணீர் விட்டு உரசி, கோழி இறகில் தொட்டு, அந்த இடத்தின்மேல் சிங்கம் மாதிரி ஒரு உருவம் போடுவோம். மூன்று நாள், காலையில். அதுவரை தண்ணீர் படக்கூடாது. நான் பானை செய்ததெல்லாம் சின்ன வயசில். பிறகு செங்கல் சூளை, அதற்குப் பிறகு ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். ஆனால் அக்கி எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. கம்பெனிகள் வந்தபிறகு கூட்டம் அதிகமாகியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பையன்கள்கூட வருகிறார்கள்.

இறகு தோலில் பட்டால் மனுஷனுக்குக் கூசும். எவ்வளவு முரட்டு ஆளாக இருந்தாலும் நெளிவான், இல்லாவிட்டால் ரோமமாவது சிலிர்க்கும். இத்தனை வருஷத்தில் எத்தனை உடம்பு பார்த்திருப்பேன்! நோட்டு வைத்துக்கொள்ளத் தெரியாததால் எல்லாம் தலையில்தான் இருக்கிறது. யாருக்கு எந்தப் பக்கம், யார் பல்லைக் கடித்தார்கள், யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

மாப்பிள்ளை இடது கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வலது கையை என் மடியில் நீட்டினார். நான் இறகைத் தொட்டுப் படையின் நடுவில் வைத்துச் சிங்கத்தின் முதுகை இழுத்தேன். கழுத்தை இழுத்தேன். வாலைச் சுழித்தேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:

"ஆரம்பிக்கலாமே மாமா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது, சரோஜா.

"ஆரம்பிச்சிட்டேன் மாப்ள" என்றேன்.

"ஓ" என்றார். திரும்பவும் செல்போன். நான் இறகைப் படைக்கு வெளியே கொண்டுபோய் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்தார். மறுபடி உள்ளே வைத்தேன். ஒன்றுமில்லை. மரக்கட்டையில் எழுதுகிற மாதிரி இருந்தது.

அரிக்காத படை, கூசாத தோல். அது என்ன என்று எனக்குத் தெரியாதா? எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஸ்ரீபெரும்புதூர்த் தேர் பார்க்க அம்மா கூட்டிக்கொண்டு போனாள். மாட வீதி ஓரத்தில் கைகளுக்குத் துணி சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துணிக்குள் விரல் இல்லை. நான் நின்று பார்த்ததற்கு அம்மா என் முகத்தை இடுப்புச் சேலையில் வைத்து அழுத்திக்கொண்டு நடந்தாள். "மொதல்ல ஒரு தேமல் மாரிதான் வரும். தொட்டா தெரியாது. அப்புறம்தான் கையி காலு" என்று வழியில் பெரியம்மாவிடம் சொன்னாள். அறுபத்தைந்து வருஷம் ஆகியும் அந்தக் குரல் எனக்கு அப்படியே இருக்கிறது.

ஆனாலும் சிங்கத்தை முடித்தேன். ஊதிக் காயவைத்தேன். "மூணு நாளைக்கு தண்ணி படாம பாத்துக்கோங்க, அமுங்கிடும்" என்றேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

நீ கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையை விலக்கிக் காட்டினாய். இடது மார்புக் காம்பைச் சுற்றித் தோல் சிவந்து, உலர்ந்து, செதில் செதிலாக இருந்தது. "சூடு போல கீதுயா. ரெண்டு மாசமா கீது. எழுதிவுடேன்" என்றாய்.

"ஆஸ்பத்திரில காட்டலாமா?" என்று நான் கேட்டேன். கேட்டேனா இல்லையா? கேட்டேன். ஒரே ஒரு தடவை.

"யோவ், போயும் போயும் ஆம்பள டாக்டராண்ட ரவிக்கைய அவுக்கச் சொல்றியா? ஊருக்கெல்லாம் எழுதற, பொண்டாட்டிக்கு எழுத கை வல்லியா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நான் மசிந்துவிட்டேன். பெண் டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்திருக்கலாம். விடாப்பிடியாகச் சண்டை போட்டிருக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து, நான் குரலை உயர்த்திச் சொன்ன எதையும் நீ தட்டியதில்லை. நான் உயர்த்தவில்லை.

அது அக்கி இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். முத்துக் கிடையாது, எரிச்சல் கிடையாது, இரண்டு மாசமாக இருக்கிறது. அக்கி என்றால் மிஞ்சிப்போனால் மூன்று வாரம், காய்ந்துவிடும். இன்னும் ஒன்று சொல்கிறேன், ஊரே கேட்கட்டும். நான் எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுத வந்தவர்களையும், வர முடியாமல் படுத்துக் கிடந்தவர்களையும் மனசுக்குள் எண்ணி எண்ணி நானே தெரிந்துகொண்டது. அதை வெளியே சொன்னால் என் கைக்கு என்ன மரியாதை? ஏகாம்பரம் கை ராசியான கை என்று ஊர் சொல்லிற்று. நீ இன்னும் பெரிதாகச் சொன்னாய். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

மூன்று முறை எழுதினேன் உனக்கு. மூன்று மூன்று நாளாக ஒன்பது நாள். ஒவ்வொரு தடவையும் காவி பூசிவிட்டால் அடியில் என்ன ஆகிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீர் வடிய ஆரம்பித்த பிறகு, தொட்டால் கட்டி தட்டுப்பட்ட பிறகு, தேவகிதான் உன்னை இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், கூட வந்திருந்த என்னைப் பார்த்து, "எத்தனை மாசமா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் இருக்கும் சார்" என்றேன்.

பதினாலு மாசம். நீ என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம், சரோஜா? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாயா? இல்லை, அந்த நிமிஷம்தான் நான் பொய் சொல்கிற ஆள் என்று உனக்குத் தெரிந்ததா? கேன்சர் உள்ளே இருந்துகொண்டு மேலே தோலாகத் தெரிந்திருக்கிறது என்று டாக்டர் தேவகியிடம் விளக்கியபோது நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். உன்னிடம் கடைசிவரை, "அக்கி முத்திப்போச்சி, அதான்" என்றே சொன்னேன். நீயும் அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். நம்பினாயோ, நம்புவது போல இருந்தாயோ.

அதனால்தான் மாப்பிள்ளை விஷயத்தில் என் வாய் கட்டிக்கொண்டது. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டி வரும். அக்கி இல்லை என்று தொட்ட உடனே உங்களுக்குத் தெரியுமா மாமா என்று கேட்டால், அப்புறம் அத்தை விஷயத்தில் தெரியவில்லையா என்ற கேள்வி தானாக வரும். வைகாசியில் இரண்டாம் முறையும் எழுதினேன். முதுகிலும் எழுதினேன். அங்கேயும் அவர் நெளியவில்லை.

தேவகி என்ன கேட்டாலும், "மாமா எழுதியிருக்காரு இல்ல? காயட்டும்" என்பார். காய்ந்தால், "இன்னொரு தபா எழுதட்டும்" என்பார். அவள் இழுக்கிற கயிற்றின் அடுத்த முனையை நான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது.

ஆனிக் கடைசியில் ஒரு காலை. முந்தின நாள்தான் அவர் முதுகில் மறுபடி எழுதியிருந்தேன். இரண்டு பேரும் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம். தேவகி இட்லிக் குண்டானை இறக்கி மேடையில் வைத்துவிட்டு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சமையல் மேடையில் சாய்ந்தபடி சூப்பர்வைசரைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவன் எப்படித் தொந்தியைத் தூக்கிக்கொண்டு லைனுக்கு நடுவே நடப்பான் என்று நடித்துக் காட்டினார். தேவகிகூடச் சிரித்தாள். முடி கருகுகிற நாற்றம் வந்தது.

"இன்னாது, ஏதோ தீயுது?" என்று அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

மாப்பிள்ளையின் வலது கை குண்டான் மேல் இருந்தது. சும்மா படவில்லை. வாகாகச் சாய்த்து வைத்திருந்தார். வைத்துக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

தேவகி அந்தக் கையைப் பிடித்து இழுத்தபோது தோல் குண்டானில் ஒட்டிக்கொண்டது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மட்டும் கத்தவில்லை. தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். "வலிக்கல" என்றார். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு இன்னொரு தடவை சொன்னார், "வலிக்கல தேவகி." அந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

அன்று இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. தேவகி அழுதாள், கெஞ்சினாள், காலைப் பிடித்தாள். "இன்னா வியாதின்னாலும் பரவால்ல, நான் கூட கீறேன், வாயா" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சுட்ட எடத்துக்கு மருந்து போட்டுக்கறேன். மாமா இன்னொரு தபா எழுதட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"நான் எழுத மாட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது அக்கி இல்ல மாப்ள. மொத நாளே எனக்குத் தெரியும். இறகு வச்சப்ப உங்களுக்குக் கூசல. ஆரம்பிக்கலாமான்னு கேட்டீங்களே, அப்ப நான் பாதி சிங்கம் எழுதிட்டேன்."

"தெரிஞ்சிக்கினே எழுதுனீங்களா?"

"தெரிஞ்சிக்கினேதான் எழுதுனேன். உங்க அத்தைக்கும் அப்டித்தான் எழுதுனேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒன்பது நாளையும், பதினாலு மாசத்தையும், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் எல்லாம் சொன்னேன். சொல்லும்போது என்னால் தேவகி முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கொஞ்சமும் நகரவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ அன்னிக்கே போன்னு சொல்லியிருந்தா அம்மா போயிருக்குமா?"

"போயிருப்பா. நான் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா போயிருப்பா."

அதற்குப் பிறகு அவள் என்னை நைனா என்று கூப்பிடவில்லை. வேளைக்குச் சோறு வைக்கிறாள், மாத்திரையை எடுத்துத் தருகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். கூப்பிடுவதில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. உனக்கு நியாயமாகப் படுகிறதா, அதை மட்டும் சொல்.

அன்று மாப்பிள்ளைதான் முதலில் எழுந்து துண்டை நனைத்து, முதுகில் எட்டுகிற அளவு காவியைத் துடைத்தார். எட்டாத இடத்தைத் தேவகி துடைத்தாள். "போலாம் மாமா. நீங்களும் வாங்க. அவங்க கேட்டா நீங்க சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா. தேவகி வயசுதான் இருக்கும். வெந்த இடத்துக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு, பஞ்சைத் திரித்து எடுத்துக்கொண்டார். "கண்ண மூடிக்கோங்க. நான் தொடுற எடத்த விரலால காட்டுங்க" என்றார். தோளில் தொட்டார், மாப்பிள்ளை காட்டினார். மணிக்கட்டில் தொட்டார், காட்டினார். முதுகுப் படைக்குள் தொட்டார். மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். மறுபடி தொட்டார். அவர் கண்ணை மூடியபடி, நல்ல பிள்ளையாக, இன்னும் காத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'இப்ப மாப்ள, இப்ப, இப்ப' என்று என் வாய் வரைக்கும் வந்தது.

பிறகு டாக்டரம்மா முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார். வலது கைச் சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி, "விடாம புடிங்க" என்றார். மாப்பிள்ளை முகமெல்லாம் சிவக்கப் பிடித்தார். டாக்டரம்மா இரண்டு விரலால் லேசாக இழுத்தார். வந்துவிட்டது.

நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். என் அம்மா அன்றைக்கு வாயால் சொல்ல மறுத்த பெயர். ரத்தம் எடுப்பது போலத் தோலிலும் கொஞ்சம் சுரண்டி எடுத்து அனுப்பினார்கள், ஆனால் சந்தேகமே இல்லை என்றார். பயப்படாதீர்கள், மாத்திரை இருக்கிறது, இங்கேயே தருவோம், ஒரு வருஷம் ஒரு நாள் விடாமல் போட வேண்டும், ஆரம்பித்தால் அடுத்தவருக்குப் பரவாது, வேலைக்கும் போகலாம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"வெரலு?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"கிருமி செத்துடும். நரம்பு வீக்கத்துக்கும் மாத்திரை தரேன். வெரல்ல போன பலம் எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று பாதியில் நிறுத்தினார். முதுகு மடிப்பில் துடைக்காமல் விட்ட காவி கொஞ்சம் இருந்தது. "இது என்ன செவப்பு?" என்றார்.

"நான்தாம்மா எழுதுனேன்" என்றேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே, "வீட்ல எத்தன பேரு? எல்லாரும் வந்து ஒரு தடவ காட்டணும். கூடவே இருக்கறவங்களுக்கு வந்திருக்கலாம், வராம இருக்க மருந்தும் தரணும்" என்றார்.

வீட்டில் மூன்று பேர்தானே. இப்போது கேள், சரோஜா. ஏழெட்டு மாசம் தொண்டை கிழியக் கத்திப் புருஷனை அனுப்பினாளே, அந்தத் தேவகி, தான் போக மாட்டேன் என்கிறாள். ஒரு மாசம் ஆகப்போகிறது.

"எனக்கு இன்னா? நல்லாதானே கீறேன்" என்கிறாள். இல்லாவிட்டால், "இந்த வாரம் லீவு இல்ல." அவள் வேலை செய்கிற செல்போன் கம்பெனியில் முந்நூறு பெண்கள் ஒரே ஹாலில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், ஒரு பஸ்ஸில் அறுபது பேர் தோள் உரச வருகிறார்கள். பேர் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் ஏறினால் அந்த பஸ்ஸில் தன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று நினைக்கிறாள்.

"நான் போனேன் இல்ல? ஒருத்தருக்கும் தெரியலியே" என்று மாப்பிள்ளை கெஞ்சுகிறார். சாப்பிடும்போது ஒரு தடவை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை.

"நீ ஆம்பள. சட்டைய கழட்டினே, மாட்டிக்கினு வந்துட்டே. என்னைக் கழட்டச் சொல்றியா?"

"பொம்பள டாக்டருதான்டி."

"யாரா இருந்தா இன்னா. இன்னொரு தபா கேட்டே, சோறு ஆக்க மாட்டேன்."

நீ ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தது எனக்கு ஞாபகம் வருகிறது. இவள் சிரிப்பதுகூட இல்லை. பத்து நாளாக வீட்டில் முழுக்கை வைத்த நைட்டிதான். இந்தப் புழுக்கத்தில்.

போன வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, நான் தூங்குகிறேன் என்று நினைத்து, கை இல்லாத ஜாக்கெட்டோடு தண்ணீர் கேனைத் தூக்கினாள். நான் தூங்கவில்லை. இடது மேல்கைக்குப் பின்புறம் வெற்றிலை அகலத்துக்கு ஒன்று பார்த்தேன். வெளுத்திருந்தது. ஓரம் சிவப்பாக இருந்த மாதிரி தெரிந்தது. என் கண் பழைய கண் இல்லை. ஜன்னல் கம்பி நிழலாகக்கூட இருக்கலாம். ஆனால் தூக்கி வைத்தவள் உடனே அந்தக் கையை மறு கையால் தடவிப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். நகத்தால் கீறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். ஆமாம், இதை அவரிடம் இப்போதுதான் சொல்கிறேன். ஐந்து நாள் அடக்கி வைத்திருக்கிறேன். மறுபடி அதே வேலைதான் செய்திருக்கிறேன். அவள் என்னோடு பேசாதபோது நான் போய் எதைச் சொல்வது என்று சாக்கு வைத்திருந்தேன். ஒரு நிமிஷம் இன்னொரு எண்ணம்கூட வந்தது. அக்கி எழுதுகிறேன் வாம்மா என்று நைசாகக் கூப்பிட்டு, இறகால் தொட்டுப் பார்த்துவிடலாமா என்று. உன் மேல் ஆணையாக அதைச் செய்யப்போவதில்லை. எழுதுங்கள் மாப்பிள்ளை, கை வலித்தாலும் இந்த ஒரு பக்கத்தை முடித்துவிடுங்கள்.

இன்றைக்குப் புதன்கிழமை. தேவகி காலை ஷிப்டு. நாலு மணிக்கு மேல் பஸ் முக்கில் இறங்குவாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய் நிற்கப்போகிறோம். நடுவழியில் என்னைத் தாண்டிப் போனாலும் போவாள், ஊர் பார்க்கத் திட்டினாலும் திட்டுவாள். 'உன் கையில் ஒன்று பார்த்தேன்' என்று அவளிடம் நேராகச் சொல்வேன். உனக்கு உயர்த்தாத குரலை அவளுக்கு உயர்த்துவேன். நாளைக்கு அவளுக்கு லீவு, அந்த டாக்டரம்மாவும் இருக்கிற நாள். அங்கே அவளுக்கு முன்னால் நான்தான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவேன். கண்ணை மூடிக்கொள்வேன். தொட்டால் தொட்டது என்பேன், தெரியாவிட்டால் தெரியவில்லை என்பேன். அடுத்தது அவள் முறை. பெயர் என்ன வந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் மூன்று பேரும் வீட்டுக்கு வருவோம். அவள் வராமல் நான் திரும்பி வரமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன்னை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகாதவன்,
உன் வீட்டுக்காரன், தேவகியின் அப்பன்
ஏகாம்பரம் (கைநாட்டு)